மௌத் ஆர்கன் ரீடுகளைச் சீர்செய்வது எப்படி: கேப் வைப்பதிலிருந்து கல்யாணி வரை

புதிதாக வாங்கிய ஹார்மோனிகாவில் 2-ஆம் துளையை இழுத்தால் திணறுகிறது. 7-ஐ இழுத்தால் தாமதமாகப் பேசுகிறது. 6-இல் ஓவர்ப்ளோ (ஊதியே வழக்கமான சுரத்துக்கு மேலான சுரத்தை எடுக்கும் உத்தி) முயன்றால் வெறும் காற்றுதான் வருகிறது. இந்தப் புகார்களில் பாதிக்குக் காரணம் வாசிப்பவரின் வாய், மீதிப் பாதிக்கு ரீடு, அதாவது உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு. ரீடால் வரும் பாதியை வீட்டு மேஜையிலேயே சரிசெய்துவிடலாம்.

தொழிற்சாலையில் ரீடை அமைப்பவருக்கு வாங்கப்போவது யார் என்று தெரியாது. ஒருவர் ஊதிக் கிழிப்பார், இன்னொருவர் மூச்சை விடுவதே தெரியாமல் வாசிப்பார். யார் ஊதினாலும் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று ரீடின் நுனிக்கு அடியில் கொஞ்சம் தாராளமாகவே இடைவெளி, அதாவது கேப், விட்டு அனுப்புகிறார்கள். அதை உங்கள் மூச்சுக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் இந்த வேலை. அமெரிக்க ஹார்மோனிகா கலைஞர் ஜோ ஃபிலிஸ்கோ போன்றவர்கள் 1990-களில் இதைத் தனிக் கைத்தொழிலாகவே வளர்த்தார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் நேராக அரத்தைத் தேடிப் போகிறார்கள். அரம் கடைசியில்தான். காற்றுக் கசிவு, ரீடின் வடிவம், கேப், அதற்கப்புறம் எம்பாஸிங் (ரீடைச் சுற்றியுள்ள சந்தைக் குறுக்குவது), எல்லாம் முடிந்தபின் சுருதி என்ற வரிசையைக் கலைக்காதீர்கள். முதல் மூன்றிலும் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் திருப்பிக்கொள்ளலாம். சுரண்டிய பித்தளை திரும்ப வராது. போதாததற்கு, முந்தைய படிகள் ஒவ்வொன்றும் சுருதியைக் கொஞ்சம் அசைக்கும். முதலில் சுருதி சேர்த்தவர் இரண்டாம் முறையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பது

இங்கே பேசுவது பத்துத் துளை டயடானிக் (ஒரு சுருதியின் ஏழு சுரங்கள் மட்டும் அமைந்த) ஹார்மோனிகாவைப் பற்றி. நடுவில் கோம்ப் (காற்றறைகள் உள்ள நடுத்துண்டு), அதன் மேலும் கீழும் ஒவ்வொரு ரீடு தகடு, வெளியே இரண்டு மூடிகள். மேல் தகட்டில் ஊதும் ரீடுகள் பத்து, கீழ்த் தகட்டில் இழுக்கும் ரீடுகள் பத்து. ஊது ரீடுகள் கோம்பை நோக்கி உட்புறம் இருக்கும். இழு ரீடுகள் வெளிப்புறம், மூடியைக் கழற்றியதுமே கண்ணுக்குத் தெரியும்.

ஒரு கட்டை, அதாவது சி ஹார்மோனிகாவை எடுத்து, முதல் துளையை ஊதும்போது வருவதை சட்ஜமாக வைத்துக்கொள்வோம். 1 முதல் 10 வரை ஊதினால் ச க ப, ச க ப, ச க ப, ச. இழுத்தால் ரி ப நி ரி ம த நி ரி ம த. முழு வரிசை இடைவிடாமல் கிடைப்பது நடுவில், 4 முதல் 7 வரை. அங்கே இருப்பது சங்கராபரணம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

ஒரே துளையில் இருக்கும் இரண்டு ரீடுகளும் ஒரே காற்றறையைப் பகிர்ந்துகொள்கின்றன. 4 இழுத்து பெண்ட் செய்யும்போது (வாயின் வடிவத்தை மாற்றிச் சுரத்தை இறக்கும்போது) இழு ரீடு மட்டும் வேலை செய்வதில்லை, எதிரே இருக்கும் ஊது ரீடும் சேர்ந்து அதிர்கிறது. அதனால் எந்த ரீடைத் தொட்டாலும் அதன் ஜோடியையும் சேர்த்தே பாருங்கள்.

மேஜையில் என்னென்ன வேண்டும்

மூடித் திருகுக்குப் பொருந்தும் சிறிய திருப்புளி, மரப் பல்குச்சி, மெல்லிய நுண் அரம், போன் ட்யூனர் செயலி, நல்ல வெளிச்சம். இவற்றோடு ஒரு ஃபீலர் கேஜும் (வெவ்வேறு தடிமனில் மெல்லிய உலோக இலைகள் கொண்ட அளவி) வாங்கிக்கொள்ளுங்கள். டூவீலர் உதிரிபாகக் கடையில் டாப்பெட் பார்ப்பதற்கு வைத்திருப்பார்கள். அதிலுள்ள 0.05, 0.10 மி.மீ. இலைகள்தான் இந்த வேலையில் கை விரல் மாதிரி. ரீடுக்கு அடியில் தாங்கல் கொடுக்க, ரீடைத் தூக்க, பிசிறு எடுக்க எல்லாவற்றுக்கும் அவையே உதவும். கோம்பைத் தட்டையாக்க ஒரு கண்ணாடித் துண்டும் 400, 600 நம்பர் உப்புத்தாளும் வேண்டும்.

பழகுவதற்கு, திருகு போட்ட பழைய சி ஹார்மோனிகா ஒன்றே சரி. ஹோனர் ஸ்பெஷல் 20 மாதிரியான பிளாஸ்டிக் கோம்ப் உள்ளது எளிது. 1896-இல் வந்த மரைன் பேண்டின் பழைய அமைப்பில் தகடுகள் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதை நெம்பி எடுப்பது தனிக் கலை, முதல் முயற்சிக்கு வேண்டாம். மிக மலிவானதிலும் பழகாதீர்கள். அதில் ரீடுக்கும் சட்டத்துக்கும் (தகட்டில் ரீடு ஆடுவதற்காக வெட்டிய திறப்பு) நடுவே இருக்கும் சந்தே பெரிதாக இருக்கும், எவ்வளவு உழைத்தாலும் பலன் தெரியாது.

முதலில் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

2 இழு வரவில்லை என்பது புதிதாகக் கற்பவர் எல்லோரும் சொல்வது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அங்கே ரீடில் கோளாறு கிடையாது, தாடையையும் நாக்கையும் இறுக்கி, தெரியாமலே பெண்ட் செய்துகொண்டிருப்பார்கள். வாயைத் தளர்த்தி, கொட்டாவி விடும்போது போலத் தொண்டையைத் திறந்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். தெளிவாக வந்துவிட்டால் திருப்புளியை உள்ளே வையுங்கள்.

திடீரென்று ஒரு ரீடு மட்டும் மௌனமானால் பெரும்பாலும் நூலோ, உணவுத் துகளோ சிக்கியிருக்கும். சட்டைப் பையில் போட்டு எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ரீடை நுனியில் லேசாகத் தூக்கி, ஃபீலர் இலையை அடியில் வேரிலிருந்து (ரிவெட்டு அடித்த முனையிலிருந்து) நுனிப் பக்கமாக ஒருமுறை இழுத்தால் வந்துவிடும். எப்போதும் வேரிலிருந்து நுனிக்குத்தான். எதிர்த்திசையில் துடைத்தால் துணி நூல் மாட்டி ரீடு மடங்கிவிடும்.

கழற்றுவதும் கசிவை அடைப்பதும்

கழற்றும் முன் மேல் தகடு எது, கீழ்த் தகடு எது, கோம்பின் முன்பக்கம் எது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். திருகுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு தட்டில் வையுங்கள்.

கோம்பின் பரப்பின்மேல் இரும்பு அளவுகோலின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எங்கே ஒளிக்கீற்று தெரிகிறதோ அங்கே காற்றும் போகும். கண்ணாடிமேல் உப்புத்தாளைப் பரப்பி, கோம்பின் பரப்பு முழுவதும் மார்க்கரால் கோடு கிழித்து, பத்து வட்டம் தேயுங்கள். மேட்டில் இருக்கும் மை முதலில் அழியும், பள்ளத்தில் இருப்பது நிற்கும். எல்லா இடத்திலும் மை ஒன்றாக அழிகிற வரை தேய்த்தால் போதும். பிளாஸ்டிக் கோம்பிலும் வார்ப்பு மேடுகள் இருக்கும். மரக் கோம்ப் எச்சில் ஈரத்தில் உப்பும், அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவவே கூடாது.

இந்த ஒரு வேலையிலேயே பல ஹார்மோனிகாக்கள் வேறு கருவி மாதிரி ஆகிவிடும். ரீடைத் தொடாமலே கிடைக்கும் லாபம் என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ரீடின் வடிவம்

தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். ரிவெட்டு அடித்த இடத்தில், அதாவது வேரில், ரீடு தகட்டோடு ஒட்டினாற்போல் படிந்திருக்க வேண்டும். அங்கிருந்து நுனி நோக்கி மெல்ல உயர வேண்டும். நடுவில் முறிவோ கூனலோ கூடாது.

பலரும் நுனியை மட்டும் பார்ப்பார்கள். வேர் மேலே தூக்கி நின்றால் நுனியில் கேப் சரியாக இருந்தும் ரீடு தாமதமாகத்தான் பேசும், ஏனென்றால் காற்று வேர்ப்பக்கமாகவே நழுவிப் போய்விடுகிறது. நுனியை ஃபீலர் இலையால் லேசாகத் தாங்கிக்கொண்டு, ரிவெட்டுக்குப் பக்கத்தில் நகத்தால் அழுத்தினால் வேர் இறங்கும்.

அடுத்து, தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே நிமிர்த்திப் பிடித்து ரீடின் இரு பக்கமும் தெரியும் ஒளிக்கோடு சமமா என்று பாருங்கள். ஒரு பக்கம் கோடு மறைந்திருந்தால் ரீடு சட்டத்தில் உரசுகிறது என்று பொருள், கரகரவென்ற சத்தத்துக்கு இதுதான் காரணம். ரீடை அதன் வேர்ப் பக்கத்திலிருந்து மயிரிழை அளவு தள்ளினால் நடுவுக்கு வந்துவிடும். நுனியைப் பிடித்துத் தள்ளினால் ரீடு முறுக்கிக்கொள்ளும்.

கேப்

நுனிக்கும் தகட்டுப் பரப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே கேப். அந்த ரீடின் நுனித் தடிமன் அளவுக்கு இருக்கட்டும் என்பது பழைய பொது விதி. தொடக்கத்துக்கு அது போதும். தாழ்ந்த சுரங்களின் நீளமான ரீடுகளுக்குக் கேப் கூடுதலாகவும், மேலே போகப்போகக் குறைவாகவும் வரும். 1-இலிருந்து 10 வரை பார்வைக்கு ஒரே சரிவாக இறங்கி வர வேண்டும். சாதாரண எழுதும் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன் இருக்கும். உச்சத் துளைகளுக்குக் கண் பழகும்வரை அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கேப் அதிகமானால் ரீடு காற்றைக் குடிக்கும், மெல்ல ஊதினால் பேசாது, பெண்ட் தளர்வாக இருக்கும். குறைவானால் மெல்லிய மூச்சுக்கு உடனே பேசும், ஆனால் ஓங்கி ஊதியதும் அடைத்துக்கொள்ளும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நல்ல அளவு என்று எதுவும் கிடையாது. ப்ளூஸ் பாணியில் அழுத்தி வாசிப்பவருக்குச் சரியானது, மெல்லிசைக்காரருக்குச் சோம்பலாகத் தெரியும்.

கேப்பை மாற்றும் விதம் இது. இழு ரீடு வெளியே இருப்பதால், அதைப் பல்குச்சியால் சட்டத்துக்குள் மெதுவாக அழுத்தி விட்டால் கேப் குறையும். பித்தளை ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும் என்பதால், வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டி அழுத்தி, ஒரு நொடி நிறுத்தி, விட்டுவிட்டுப் பாருங்கள். போதவில்லையா, இன்னும் கொஞ்சம். ஒரே அழுத்தில் முடித்துவிட ஆசைப்பட்டால் ரீடில் முறிவு விழும். கேப்பைக் கூட்ட, நுனிக்கு அடியில் ஃபீலர் இலையை நுழைத்து வளைவு முழு நீளத்துக்கும் பரவும்படி தூக்குங்கள்.

ஊது ரீடு உள்ளே இருப்பதால் கணக்கு தலைகீழ். தகட்டின் வெளியிலிருந்து சட்டத்தின் திறப்பு வழியே பல்குச்சியால் தள்ளினால் அது தகட்டை விட்டு விலகும், அதாவது கேப் கூடும். குறைக்க வேண்டுமானால் தகட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு, குறைக்கிறோம் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போவது மிகவும் சகஜம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு தகடுகளை இரண்டு திருகில் பொருத்தி வாசித்துப் பாருங்கள். மூச்சு விடுவது போலவே மெல்ல ஊதுங்கள், உடனே பேச வேண்டும். அப்புறம் உங்கள் வழக்கத்தில் எவ்வளவு ஓங்கி வாசிப்பீர்களோ அவ்வளவு ஓங்கித் தாக்குங்கள், அடைக்கக் கூடாது. பிறகு பெண்ட் செய்து, அதைப் பிடித்து நிறுத்துங்கள். மூன்றும் ஒத்துவந்தால் அந்தத் துளையை விட்டுவிடுங்கள். இன்னும் கொஞ்சம் நன்றாக்கலாமே என்ற எண்ணம்தான் நல்ல ரீடுகளைக் கெடுப்பது.

ஓவர்ப்ளோ வேண்டுபவர்கள் 4, 5, 6 துளைகளில் இரண்டு ரீடுகளின் கேப்பையும் வழக்கத்தைவிடக் குறைக்க வேண்டும். ஓவர்ப்ளோவில் ஊது ரீடு பேசாமல் அடங்க, இழு ரீடு எதிர்த்திசையில் திறந்து, தன் சுரத்துக்கு அரைச் சுரம் மேலே பேசுகிறது. 1970 வாக்கில் அமெரிக்க ஹார்மோனிகா கலைஞர் ஹாவர்ட் லெவி இதை வாசிப்பு முறையாகவே வளர்த்தெடுத்தார். நமக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்: 4 ஓவர்ப்ளோ சாதாரண காந்தாரம், 5 பிரதி மத்தியமம், 6 கைசிகி நிஷாதம். 4 இழு பெண்டில் சுத்த ரிஷபமும் 6 இழு பெண்டில் சுத்த தைவதமும் ஏற்கெனவே உண்டு. ஆக, நடு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரஸ்தானமும் கைக்கு வந்துவிடும். ஓவர்ப்ளோவில் கிறீச்சென்று ஒரு கீச்சல் வந்தால், இழு ரீடின் வேருக்கு அருகே இரு மூலையிலும் துளி நெயில் பாலிஷ் வைத்துக் காயவிடுங்கள், அடங்கிவிடும்.

எம்பாஸிங்

ரீடுக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தை, சட்டத்தின் விளிம்பை அழுத்திக் குறுக்குவதுதான் எம்பாஸிங். கேப்பிலேயே திருப்தியானவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். உண்மையில் பலருக்கும் இது தேவைப்படாது.

தகட்டை ரீடு இருக்கும் பக்கம் மேலாக, தட்டையான பரப்பில் வையுங்கள். வழவழப்பான விளிம்புள்ள நாணயமோ, ஸ்பேனர் சாக்கெட்டின் உருண்ட விளிம்போ போதும். சட்டத்தின் இரு விளிம்பிலும் ஒரே சமயத்தில் படும்படி வைத்து, நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக மிதமாக அழுத்தித் தேய்க்கவும். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில் நின்றுவிடுங்கள். வேருக்குப் போனால் ரீடே நிரந்தரமாக வளைந்துவிடும்.

இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை ரீடை நுனியில் சுண்டிப் பாருங்கள். கணீரென்று நீண்டு ஒலித்தால் சரி. சர்ரென்று செத்துப்போனால் எங்கோ உரசுகிறது. வெளிச்சத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, 0.05 இலையை ரீடுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டு ஒருமுறை உருவினால் பிசிறு நீங்கும். எம்பாஸிங் செய்த ரீடின் கேப் நிச்சயம் இறங்கியிருக்கும், முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போய் அதை மறுபடி வைக்க வேண்டும்.

சுருதி சேர்ப்பது

விதி எளிது. நுனியில் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். வேரருகே சுரண்டினால் ஸ்பிரிங் வலுவிழந்து இறங்கும். ரீடுக்கு அடியில் 0.10 இலையைச் செருகித் தாங்கல் கொடுத்துவிட்டு, அரத்தை நீளவாக்கில் மட்டும் ஓட்டுங்கள். குறுக்கே விழும் கீறல்தான் நாளை விரிசலாகும். 1, 2 துளைகளில் பல இழுப்புக்குப் பிறகே ட்யூனர் முள் அசையும். 9, 10-இல் ஒன்றிரண்டு இழுப்பிலேயே எகிறிவிடும். ஸெய்டல் 1847 மாதிரியான எஃகு ரீடுக்குச் சாதாரண அரம் வழுக்கும், வைரத்தூள் அரம் வேண்டும்.

வாசித்துப் பார்க்கும் முன் பித்தளைத் தூளை முழுக்கத் துடைத்து விடுங்கள். ஹார்மோனிகாவில் மூச்சை இழுக்கிறோம், தூள் நேராக நுரையீரலுக்குப் போகும்.

ட்யூனரில் தைவதத்தை 440-க்குப் பதில் 442 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் அழுத்தத்தில் சுருதி கொஞ்சம் இறங்கும் என்பதால் தயாரிப்பாளர்களும் சற்று மேலேதான் வைக்கிறார்கள். கருவியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, நடுத்தர மூச்சில் அளக்கவும். சுரண்டிய ரீடு உடனே உண்மையான அளவைக் காட்டாது. ஐந்தாறு சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) பாக்கி வைத்து நிறுத்தி, மறுநாள் முடிப்பது புத்திசாலித்தனம்.

எல்லாச் சுரத்தையும் ட்யூனரின் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது அவசியமில்லை. ட்யூனர் காட்டும் சம இடைவெளிச் சுருதியில் அந்தர காந்தாரம், தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாக எழும் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் மேலே இருக்கிறது. அதனால்தான் ச க ப மூன்றையும் சேர்த்து ஊதினால் ஓர் அலைச்சல் கேட்கும். காந்தாரங்களை 14 சென்ட் இறக்கி, பஞ்சமத்தை 2 ஏற்றினால் மூன்றும் ஒன்றாகக் கரையும். பழைய மரைன் பேண்டின் அந்தச் செழுமைக்குக் காரணம் இந்த மாதிரிச் சுருதிதான். தம்புராவோடு வாசிப்பவர் இந்த வழியில் போகலாம். கீபோர்டோடும் கிட்டாரோடும் வாசிப்பவர் பாதிவழியில் நின்றுகொள்வது நல்லது. பிறகு ஒரே சுரத்தின் ஸ்தாயிகளைச் சேர்த்து வாசித்து அலை நிற்கிறதா என்று காதால் சரிபாருங்கள்: ஊதும்போது 1-4, 4-7, 7-10. இழுக்கும்போது 1-4, 4-8, 3-7, 5-9, 6-10.

ஒரு ரீடு திடீரென்று பத்து இருபது சென்ட் இறங்கிவிட்டால் அதைச் சுரண்டி ஏற்ற வேண்டாம். வேரில் விரிசல் விட்டிருக்கும். அழுத்திப் பெண்ட் செய்பவர்களுக்கு 4, 5 இழு ரீடுகள் முதலில் போகும். ரீடையோ தகட்டையோ மாற்றுவதுதான் வழி.

உங்கள் ஊரில் ஹார்மோனியம், சுருதிப் பெட்டி பழுது பார்ப்பவர் இருந்தால் ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதுவும் பித்தளை ரீடுதான், சுரண்டும் விதியும் இதேதான். கை எவ்வளவு லேசாக ஓட வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

சங்கராபரணத்தைக் கல்யாணியாக்குவது

இவ்வளவும் பழகியபின் செய்ய ஆசையான வேலை ஒன்று. 5 இழு ரீடு சுத்த மத்தியமம். அதன் நுனியைச் சுரண்டி 100 சென்ட் ஏற்றினால் பிரதி மத்தியமம். 4 முதல் 7 வரை இப்போது வாசித்தால் ஓவர்ப்ளோ எதுவும் இல்லாமல் கல்யாணி. மேல் ஸ்தாயிக்கு 9 இழுவையும் அதேபோல் ஏற்ற வேண்டும். மேற்கத்திய வாசிப்பாளர்கள் 5-ஐ மட்டும் ஏற்றிய அமைப்பைக் கன்ட்ரி ட்யூனிங் என்கிறார்கள். 5-ஆம், 9-ஆம் துளைகளோடு 3 ஊதுவைப் பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு ஏற்றியதும் கடையில் கிடைக்கிறது, லீ ஆஸ்கர் மெலடி மேக்கர். ஆனால் வாங்கும்போது கவனம்: ஒரு கட்டைக்கு அமைந்த கருவியில் சி என்று இருக்காது, ஜி என்று அச்சிட்டிருக்கும்.

இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு. 2 இழுவில் வரும் பஞ்சமத்தை சட்ஜமாகப் பிடித்தால் முன்பு ஹரிகாம்போதி வந்தது, இனி சங்கராபரணம்தான் வரும். ப்ளூஸ் வாசிப்பவர் இதை விரும்ப மாட்டார். ஆனால் சுத்த மத்தியமம் தொலைந்துபோகவில்லை. முன்பு 5-இல் ஊது காந்தாரத்துக்கும் இழு மத்தியமத்துக்கும் நடுவே அரைச் சுரம்தான் இருந்தது, பெண்ட் செய்ய இடமே இல்லை. இப்போது முழுச் சுரம் இருப்பதால் 5 இழுவைப் பெண்ட் செய்தால் சுத்த மத்தியமமும் அங்கேயே கிடைக்கிறது. அது நழுவாமல் நிற்க, சுரண்டி முடித்ததும் 5-ஆம் துளையின் இரண்டு ரீடுகளுக்கும் கேப்பை மறுபடி வைக்க வேண்டும். நுனி மெலிந்துவிட்டதால் இழு ரீடுக்கு முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே தேவைப்படும்.